பார்த்தன் காட்டிய அந்தி

பெரியநாயக்கன்பாளையத்தில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். மேட்டுப்பாளையம் சாலைக்கு மேற்கே பாலமலையும் குருடிமலையும் எழுந்து நிற்பதால், பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமன நேரத்துக்கு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. ஊர்மேல் நிழல் விழுந்த பிறகும் கிழக்குச் சமவெளியில் வெயில் கிடக்கும். மேகங்கள் சிவக்கத் தொடங்குவது அதற்கும் பிறகுதான். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்பவர்கள் தலை நிமிர்ந்தால், சூரியன் இல்லாத வானத்தில் அதன் வேலை மட்டும் நடந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட வானத்தைப் பாடும் கவிதைகளை நம் பள்ளிக்கூடங்கள் ஒரே மாதிரிதான் நடத்துகின்றன. உவமைகளை அடிக்கோடிட வேண்டும். ‘கவிஞர் கதிரவனை எவ்வாறு வருணிக்கிறார்?’ என்ற கேள்விக்கு விடை மனப்பாடம் செய்ய வேண்டும். கவிதை அங்கேயே செத்துப்போகிறது. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எங்கே இருந்து பார்க்கிறார், விடிந்தால் அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டுப் பார்த்தால் அதே வரிகள் எழுந்து உட்காரும். பாரதியின் ‘பாஞ்சாலி சபத’த்தில் வரும் மாலை வருணனை இதற்கு அருமையான சான்று.

புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் பாரதி எழுதிய காவியம் அது. முதல் பாகம் 1912இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் அவர் மறைந்து மூன்றாண்டு கழித்து, 1924இல்தான் அச்சேறியது. அஸ்தினாபுரத்து அழைப்பை ஏற்றுப் பாண்டவர்கள் புறப்பட்டு வருகிறார்கள். வழியில் மாலையாகிறது; சேனை ஒரு சோலையில் தங்குகிறது. பார்த்தன் பாஞ்சாலியைத் தனியாக ஒரு புல்மேட்டுக்கு அழைத்துப்போகிறான். அவள் அவன் தொடைமேல் சாய்ந்துகொண்டு ஏதேதோ பேசுகிறாள். அவன் மேற்கு வானத்தைக் கை நீட்டிக் காட்டுகிறான்.

இது கணவன் மனைவியிடம் பேசும் பேச்சு. ‘பாரடி’, ‘காணடி’ என்ற உரிமையும் கொஞ்சலும் அதில் உண்டு. வில்லாளி என்று உலகம் அறிந்த ஒருவன், கையில் வில் இல்லாமல், மேகத்தின் நிறம் மாறுவதைக் கண்டு குழந்தைபோல் வியக்கிறான். இந்தக் காட்சியோடு அழைப்புச் சருக்கம் முடிகிறது. அடுத்தது சூதாட்டச் சருக்கம். புல்மேட்டில் சாய்ந்திருக்கும் இதே பெண்ணைப் பணயம் வைக்கப்போகிறார்கள். சபைக்கு இழுத்து வரப்போகிறார்கள். கதை தெரிந்த வாசகனுக்கு அந்தத் தங்கமும் செம்மையும் நெஞ்சை அடைக்கும். கதையின் பெரும்பகுதியில் வியாசரைப் பின்பற்றிய பாரதி, இந்த மாலையைத் தம் கற்பனையாகச் சேர்த்தார். காவியத்தில் அவர் எடுத்த பெரிய முடிவு அதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

யாப்பையும் கவனிக்க வேண்டும். வருணனை விருத்தத்தில், அளந்து வைத்த அடிகளில் தொடங்குகிறது. சூரியனைச் சுற்றி மேகங்கள் தீப்பிடித்ததும் அந்த அளவு உடைகிறது. வரிகள் குறுகுகின்றன, வியப்புக் குறிகள் அடுக்கடுக்காக வருகின்றன. சுடாமல் எரியும் பொன் தீவுகள், நீலக் குளத்தில் மிதக்கும் படகுகள், இருண்ட கடலில் திமிங்கிலங்கள் என்று ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று வந்துவிடுகிறது.

அந்த வேகம் வெறும் கவி வேகமா? தென்னிந்தியாவின் அந்தியே அப்படித்தான். நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறோம். கோவை ஏறக்குறைய 11 டிகிரி வடக்கே. இங்கே சூரியன் அடிவானத்தில் அதிகம் சரிந்து போவதில்லை, கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. அஸ்தமனத்துக்குப் பின் இயல்பாகக் கண் தெரியும் வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நிற்கும். லண்டனில் ஜூன் மாதத்தில் அதே வெளிச்சம் முக்கால் மணி நேரத்தைத் தாண்டும். ஆங்கிலப் பாடநூலில் மெல்ல மெல்ல மங்கும் மாலையைப் படித்துப் பழகிய மாணவர், பாரதியின் அவசரத்தை மிகை என்று நினைத்துவிடக் கூடாது. மேற்கே பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றாலே அது கண்ணுக்குத் தெரிந்த உண்மை என்று புரியும்.

நிறங்களுக்குக் காரணம் காற்று. மாலையில் ஒளி சாய்வாக வருவதால் அது கடக்க வேண்டிய காற்றுமண்டலத்தின் தொலைவு கூடுகிறது. நீல ஒளி வழியிலேயே சிதறிப்போக, செம்மையும் மஞ்சளும் மிஞ்சி வந்து மேகத்தின் அடிப்பக்கத்தில் விழுகின்றன. பார்த்தன் இன்னொரு விந்தையும் காட்டுகிறான்: சூரியனுக்கு முன்னே ஒரு பச்சை வட்டம். செந்நிறப் பிரகாசத்தை உற்றுப் பார்த்த கண்ணுக்கு அதன் எதிர்நிறமான பச்சை தெரிவது இயல்பு. பாரதி சொன்னது அதுவாக இருக்கலாம். ஆனால் சூரியனை அப்படி நேராகப் பார்ப்பது விழித்திரையைக் கெடுக்கும். மேகத்தைப் பார்த்தால் போதும்.

இந்த மாலைக் காட்சி தொழுகையில் முடிகிறது. காயத்ரி மந்திரத்தின் பொருளைப் பாரதி இங்கேதான் தமிழாக்கித் தருகிறார். உதயத்திலும் அந்தியிலும் சொல்லும் மந்திரம் அது. இருட்டப்போகும் வேளையில் அறிவுக்கு ஒளி கேட்டு வணங்கிய இருவரும்தான் அறிவிழந்த ஒரு சபைக்குப் போகிறார்கள்.

காலைக்கும் குன்றுக்கும் பாரதிதாசனிடம் போகலாம். 1944இல் வந்த ‘அழகின் சிரிப்பு’ நூலில் ‘ஞாயிறு’ தனிப் பகுதியாகவே இருக்கிறது. ‘குன்றம்’ என்ற பகுதி மாலை வெயிலில் தொடங்குகிறது. பாலமலை அடிவாரத்தில் வாழ்பவர்களுக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரிந்த காட்சி.

கொங்கு நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். மழை விட்ட மாலைகளில் மேற்கே மேகம் திரண்டிருக்கும். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் அப்படி ஒரு நாளில் பாஞ்சாலி சபதத்தை மைதானத்துக்கு எடுத்துப்போய், மாலை வருணனையை உரக்கப் படிக்க வேண்டும். கேள்வி பதில் அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம்.