வரைபட மேஜையில் இடம் பெறாதவர்கள்

நமது சிறப்பு நிருபர்

புது தில்லி: "வாடிக்கையாளரின் தேவையே எங்களுக்கு முதன்மை" என்று கோல்ஃப் மைதான வடிவமைப்பு நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். அந்த வாடிக்கையாளர் யார் என்ற கேள்விக்கு தலைநகர் வட்டாரத்தில் விடை தேடினால், வடிவமைப்பாளரின் அலுவலகத்தைவிட நாடாளுமன்றத்தின் அவைக் குறிப்புகளே அதிகம் உதவுகின்றன.

கொல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சங்கம்தான் இந்தியாவின் மிகப் பழைய கோல்ஃப் சங்கம். அதன் பிறகு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் மைதானம் அமைத்தவர்கள் பெரும்பாலும் சங்கங்களும் ராணுவமும்தான். ஆடுபவரே வாடிக்கையாளர் என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை.

பொருளாதாரத் தாராளமயமாக்கலுக்குப் பிறகு இந்த நிலை மாறியது. வீட்டுமனை நிறுவனங்கள் புதிய வாடிக்கையாளராக வந்தன. குர்கானில் டிஎல்எஃப் நிறுவனத்துக்காக அர்னால்ட் பாமரும், கிரேட்டர் நொய்டாவில் ஜேபி குழுமத்துக்காக கிரெக் நார்மனும் மைதானங்களை வடிவமைத்தனர். மைதானத்தைப் பார்த்த வீட்டுக்குக் கூடுதல் விலை கிடைக்கும். புகழ்பெற்ற ஆட்டக்காரரின் பெயர் விளம்பரப் பலகையில் இருந்தால் இன்னும் கிடைக்கும் என்பதே கணக்கு.

விருப்பமும் தேவையும்

பதினெட்டுக் குழிகள் கொண்ட முழுமையான மைதானத்துக்குச் சுமார் 120 முதல் 180 ஏக்கர் வரை நிலம் தேவை. திறமையான வடிவமைப்பாளர் கோடு வரையும் முன் கேள்விகளைக் கேட்கிறார். ஆடப்போவது யார், தொடக்க நிலையினரா, தேர்ந்தவர்களா? ஆண்டுதோறும் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்க முடியும்? தண்ணீர் எங்கிருந்து வரும்? அதன் பிறகே நில அளவை, மேடு பள்ளக் கணக்கு, குழிகளின் வரிசை, வடிகால் என்று வேலை நகர்கிறது. தில்லியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுவதால், வடிகாலைக் கோட்டைவிட்ட மைதானம் முதல் பருவமழையிலேயே குளமாகிவிடும்.

சிக்கல் வீடுகளில் தொடங்குகிறது. ஒவ்வொரு குழிக்கான பாதையையும் தனித்தனியாக நீட்டி, அதன் இருபுறமும் வீடுகள் அமைத்தால் மைதானத்தைப் பார்த்த மனைகளின் எண்ணிக்கை கூடும் என்பது நிறுவனத்தின் விருப்பம். ஆனால், வலக்கை ஆட்டக்காரர் தவறவிடும் பந்து பெரும்பாலும் வலப்புறமாகவே வளைந்து பறக்கும். அந்தப் பக்கம் போதிய இடைவெளி விடவில்லை என்றால் பந்து விழுவது யாரோ ஒருவரின் சன்னலில். பாதையை அகலப்படுத்தினால் மனைகள் குறையும். கட்டணம் தருபவரிடம் இதைச் சொல்லும் துணிவு உள்ளவரே உண்மையில் வாடிக்கையாளரின் நலன் நாடுபவர். மனைகளை விற்று முடித்ததும் நிறுவனம் விலகிவிடலாம். சன்னலுக்குப் பின்னால் இருப்பவர் அங்கேயேதான் வாழப்போகிறார்.

அவைக்கு வந்த மூவர்

மேஜையில் இடம் தரப்படாதவர்கள் காணாமல் போய்விடுவதில்லை. கடந்த இருபது ஆண்டுகளில் மூன்று தரப்பினரின் குறைகள் நாடாளுமன்றத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்துள்ளன.

முதலாவது, விவசாயி. 165 கிலோமீட்டர் யமுனை விரைவுச் சாலையை அமைத்த ஜேபி குழுமத்துக்கு, அதையொட்டி ஐந்து இடங்களில் நகரியங்கள் அமைக்க நிலம் வழங்கப்பட்டது. இந்தச் சாலை வட்டாரத்தில் நிலம் கையகப்படுத்தப்பட்டதை எதிர்த்து, பட்டா, பர்சௌல் கிராமங்களில் நடைபெற்ற போராட்டம் 2011 மே மாதம் வன்முறையாக வெடித்தது. போலீஸாரும் விவசாயிகளும் உயிரிழந்தனர். 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்துக்கு வேகம் தந்த நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. தனியார் நிறுவனத்துக்காக நிலம் எடுக்க 80 சதவீத உரிமையாளர்களின் ஒப்புதல் வேண்டும் என்பது அதில் சேர்ந்தது.

இரண்டாவது, வீடு வாங்கியவர். நொய்டாவில் கோல்ஃப் மைதானத்துடன் விளம்பரப்படுத்தப்பட்ட விஷ் டவுன் திட்டத்தில் பணம் கட்டிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வீட்டுக்காகக் காத்திருந்தன. 2017 ஆகஸ்டில் ஜேபி இன்ஃப்ராடெக் நிறுவனம் மீது திவால் நடவடிக்கை தொடங்கியபோது, கடன் கொடுத்த வங்கிக்கு இருந்த இடம் வீடு வாங்கியவருக்கு இல்லை. திவால் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டு, அவர்களும் நிதிக் கடன் வழங்கியவர்களாக ஏற்கப்பட்டனர்.

மூன்றாவது, பொது நிலத்தின் உரிமையாளரான குடிமகன். பாதுகாப்புத் துறை நிலங்கள் குறித்து தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அளித்து, 2011-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை, 8 ஆயிரம் ஏக்கருக்கும் அதிகமான ராணுவ நிலத்தில் 97 கோல்ஃப் மைதானங்கள் இயங்குவதைச் சுட்டிக்காட்டியது. ராணுவத்தின் நேரடிப் பயன்பாட்டுக்கு என ஒதுக்கப்பட்ட நிலம் அது. அதில் கிடைக்கும் வருவாய் அரசுக் கணக்கில் சேராததும் கேள்விக்குள்ளானது.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வடிவமைப்புத் தொழிலையும் தொடுகிறது. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தையும் பொது வசதிகளையும் மாற்ற, வீடு வாங்கியோரில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துமூல ஒப்புதல் தேவை. பொய்யான விளம்பரத்தை நம்பி ஏமாந்தவர் இழப்பீடு கேட்கலாம். வண்ணப் படத்தில் பச்சையாகக் காட்டிய இடம் இனி வெறும் படம் அல்ல, வாக்குறுதி.

தண்ணீரும் பொது வாசலும்

நான்காவதாக ஒருவர் இன்னும் வரிசையில் நிற்கிறார். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் காத்திருக்கும் தில்லிவாசி அவர். நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட புல்வெளியை மே, ஜூன் வெயிலில் பச்சையாக வைத்திருக்க நாள்தோறும் பல லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். சண்டீகரில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் கோல்ஃப் மைதானத்துக்குத் தரப்படுகிறது. எனவே வழி இல்லாமல் இல்லை. கழிவுநீர்க் குழாய் எங்கிருந்து வரும் என்பதை முதல் வரைபடத்திலேயே குறிக்காத வடிவமைப்பு, நிலத்தடி நீரைத்தான் மறைமுகமாக நம்பியிருக்கிறது.

வேறொரு வாடிக்கையாளரும் உண்டு என்பதற்கு தெற்கு தில்லியின் லாடோ சராய் சாட்சி. குதுப் மினார் அருகே தில்லி வளர்ச்சி ஆணையம் 2000-ஆம் ஆண்டில் திறந்த மைதானம், நாட்டின் முதல் பொது கோல்ஃப் மைதானம் என அறியப்படுகிறது. உறுப்பினர் பட்டியலில் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டணம் செலுத்தி ஆடலாம். அந்தக் கட்டணமும் எளியவர்களுக்கு எட்டக்கூடியது அல்ல என்பது உண்மையே. ஆயினும் அங்கே கணக்குக் கேட்கும் உரிமை நகரவாசி ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.

வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்துவது எந்தத் தொழிலுக்கும் அழகுதான். ஆனால், காசோலையில் கையெழுத்திடுபவரை மட்டுமே வாடிக்கையாளராகக் கொண்டு வரையப்பட்ட மைதானங்களுக்கான பாக்கியை விவசாயி, வீடு வாங்கியவர், வரி செலுத்துவோர் என ஒவ்வொருவராகச் செலுத்தியிருக்கிறார்கள். அடுத்த மைதானத்தின் முதல் கோடு வரையப்படும்போதாவது அவர்களுக்கும் மேஜையில் ஒரு நாற்காலி போடப்படுமா? அல்லது அவர்கள் மீண்டும் நாடாளுமன்றத்தின் வாசலில்தான் நிற்க வேண்டுமா?