அம்பாசடருக்குள் யார் இன்ஜின்?

பழைய அம்பாசடர் வாங்கப் போகிறவர் பெயின்ட்டைப் பார்க்கும் முன் பானெட்டைத் திறக்கச் சொல்ல வேண்டும். மார்க் 2 காலத்து வண்டி என்றால் உள்ளே இருக்க வேண்டியது 1489 சிசி பிஎம்சி பெட்ரோல் இன்ஜின். பல வண்டிகளில் இருக்காது. டீசல் மலிவாகக் கிடைத்த ஆண்டுகளில், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலையேறும் வாடகைக் காருக்குப் பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகுமா? மெட்டடோர் வேனின் இன்ஜினைத் தூக்கி வைத்தாவது ஓட்டினார்கள். அன்றைக்கு வண்டியின் விலையைக் கூட்டிய அந்த வேலைதான் இன்று, சேகரிப்பாளர் வந்து நின்றால், விலையைக் குறைக்கிறது.

சட்டமும் அவர் பக்கம்தான். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை ‘விண்டேஜ்’ எனப் பதிந்து ‘விஏ’ வரிசை எண் பெறலாம். ஆனால் வண்டி பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. டீசல் ஏற்றிய மார்க் 2 அங்கேயே அடிபட்டுப் போகும்.

எல்லா மாற்றத்தையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை என்பேன். பழுதான பிஎம்சி இன்ஜினுக்குப் பதில் அதே வகை பிஎம்சி இன்ஜின் வைத்து, ஆர்.சி.யிலும் ஏற்றியிருந்தால் இழப்பு குறைவு. இசுசு இன்ஜின் என்றாலே முகம் சுளிக்கவும் வேண்டாம்: 1990-களில் வந்த 1800 ஐஎஸ்இசட் மாடலுக்கு அதுதான் கம்பெனி இன்ஜின். அதையே 1968 வண்டியில் பார்த்தால்தான் கேள்வி.

உண்மையான அடி, வெட்டியதில் விழுகிறது. கனமான டீசல் இன்ஜினை உட்கார வைக்க மவுண்டிங்கை அறுத்து, புதிதாக வெல்டு வைத்து, ரேடியேட்டரை நகர்த்தியிருப்பார்கள். சரியான இன்ஜின் நாளை கிடைத்தாலும் அந்த இடத்தைத் திரும்பக் கட்டும் செலவு, வாங்குபவர் கேட்கும் தள்ளுபடியில் வந்து நிற்கும்.

அமெரிக்காவின் பழைய கார்வெட் இன்ஜினில் சேசிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களையே பொறித்திருப்பார்கள். ஜோடி பொருந்துகிறதா என்று ஒரே பார்வையில் தெரியும். நம்மூரில் ஆர்.சி. புத்தகம்தான் சாட்சி. இன்ஜின் எண் தகட்டில் ரிவிட் மட்டும் புதிதாகப் பளபளத்தாலோ, எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் கோடு தெரிந்தாலோ விலை பேசுவதை நிறுத்திவிட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது. 1970 வண்டியில் திண்டுக்கல்லின் டிஎன் 57 எண்ணா? திண்டுக்கல் தனி மாவட்டமானதே 1985-ல்; டிஎன் வரிசை அதற்கும் பிறகு வந்தது. அது மறுபதிவுதான், குற்றமில்லை. பழைய எண்ணின் காகிதத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

விற்பவருக்கும் ஒன்று. கழற்றிய பெட்ரோல் இன்ஜின் கொட்டகை மூலையில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஓடாத இன்ஜினாக இருந்தாலும் ஆர்.சி.யில் முதலில் ஏறிய எண் அதில் இருக்கிறது. வண்டியோடு சேர்த்துக் கொடுத்தால் விலை பேசும் இடத்தில் உங்கள் கை ஓங்கும்.