கடைசல் பொறியும் கைவினைஞரும்

சென்ற மாதம் ஒருநாள் மாலை, எங்கள் தெருவில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு என் இல்லத்திற்கு வந்தார். பையன் பத்தாம் வகுப்பில் தேறியவன். தொழிற்பயிற்சி நிலையத்தில் டர்னர் பிரிவில் சேர விரும்புகின்றான். "ஐயா, இனி எல்லாவற்றையும் பொறிகளே செய்துகொள்ளும் என்கிறார்களே! தெரிந்தே இவனைக் கிணற்றில் தள்ளலாமா?" என்று தந்தையார் வினவினார். அவருக்கு நான் கூறிய விடையையே இன்று நேயர்களுக்கும் கூற விழைகின்றேன்.

கோயம்புத்தூர் வட்டாரத்தில் வாழ்வோருக்கு லேத் என்னும் கடைசல் பொறியை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது, பஞ்சாலைகள் பெருகின, அவற்றின் பழுது நீக்கப் பட்டறைகள் எழுந்தன, மோட்டார் பம்புத் தொழிலும் உடன் வளர்ந்தது. அப்பட்டறைகளின் உயிர் லேத்தே. இரும்புத் தண்டு சுழல, வெட்டுளி அதன்மேல் ஊர்ந்து வேண்டிய அளவுக்குச் சீவும். உளியை நகர்த்தும் கைச்சக்கரங்கள் டர்னரின் கைகளில் இருந்தன. ஓசையைக் கேட்டும், உதிரும் சுருளின் நிறத்தைக் கண்டும் அவர் வேகத்தைக் கூட்டுவார்; குறைப்பார்.

அக்கைகளின் வேலையைப் பொறி எங்ஙனம் ஏற்றது? அமெரிக்க நாட்டில் ஜான் பார்சன்ஸ் என்பார், ஹெலிகாப்டர் இறகுகளின் வளைவைப் பிழையின்றி அமைக்க முயன்றார். வளைவிலுள்ள புள்ளிகளை எண்களாக்கி, அவ்வெண்களாலேயே பொறியை நடத்தலாம் என்பது அவர் கருத்து. அதனைப் பின்பற்றி மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952இல், துளையிட்ட நாடாவின் கட்டளைப்படி இயங்கும் மில்லிங் பொறி ஒன்றை இயக்கிக் காட்டினர். பிற்காலத்தில் நாடாவின் இடத்தில் கணினி அமர்ந்தது. நம் பட்டறைகளில் இன்று சி.என்.சி. என வழங்குவது இதுவே. நூறாவது துண்டும் முதல் துண்டைப் போலவே இருக்கும். அதற்குக் களைப்பில்லை, தேநீரும் வேண்டா.

இதன் விளைவை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. 1990களின் தொடக்கத்தில், என் சொல்லைக் கேட்டே ஒரு மாணவன் டர்னர் பயிற்சிக்குச் சென்றான். கைத்திறத்தில் மிக வல்லவன். பத்தாண்டு கழித்து அவன் வேலை செய்த பட்டறையில் இரண்டு சி.என்.சி. பொறிகளை வாங்கினர். ஆறு பேர் செய்த வேலைக்கு இருவர் போதும் என்றாயிற்று. அவனை நீக்கவில்லை, ஆனால் துண்டை மாட்டுவதும், கதவை மூடுவதும், பொத்தானை அழுத்துவதுமே அவன் பணியாயின. "ஐயா, கற்றதெல்லாம் மறந்துபோகிறது" என்று ஒருநாள் என்னிடம் வந்து சொன்னபோது, எனக்கு மறுமொழி எழவில்லை.

சில நாள் சென்று அவனே ஒரு வரைபடத்துடன் வந்தான். நேர்க்கோடு ஒன்று வட்ட வில்லைத் தொடும் புள்ளி எங்கே உள்ளது என்று கணினிக்குச் சொல்லவேண்டுமாம். பள்ளியில் முக்கோணவியல் என்றாலே முகஞ்சுளித்தவன், என் திண்ணையில் அமர்ந்து மூன்று மாதம் சைனும் கொசைனும் கற்றான். (என் வகுப்பில் அவ்வளவு கவனத்தை அவன் ஒருநாளும் காட்டியதில்லை.) பின்னர் அப்பொறிக்குக் கட்டளை எழுதுபவன் அவனே ஆனான். மற்ற நால்வருள் இருவர் அத்தொழிலையே விட்டுச் சென்றனர் என்பதையும் மறைத்தல் ஆகாது.

கட்டளை எழுதிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. வெட்டவெட்ட உளியின் முனை தேயும். தேயத்தேயத் தண்டின் விட்டம் சிறிது சிறிதாகப் பெருகும். மைக்ரோமீட்டரால் அளந்து, "0.02 மில்லிமீட்டர் குறை" என்று பொறிக்கு ஒருவர் சொல்லவேண்டும். தாமே அளந்து திருத்திக்கொள்ளும் பொறிகளும் வந்துவிட்டன, விலைதான் மிகுதி. வரைபடத்திலிருந்து கட்டளையை ஆக்கித் தரும் மென்பொருளும் உண்டு. ஆயினும் துண்டை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கத்தை முதலில் சீவுவது, மெல்லிய தண்டு அதிர்ந்தால் என் செய்வது என்பவற்றை இரும்போடு பழகியவரே விரைந்து அறிவார். இனி, உழவர் ஒருவர் தேய்ந்த பம்புத் தண்டு ஒன்றைக் கொணர்ந்தால், அந்த ஒரு துண்டுக்காகக் கட்டளை எழுதிப் பொறியை ஆயத்தம் செய்வது கட்டாது. அங்கே பழைய லேத்தே இன்றும் ஓடுகின்றது. ஒரே உருவில் ஆயிரம் துண்டு வேண்டும் இடத்திலேதான் கைத்தொழிலாளி முதலில் இடம் இழக்கின்றார்.

என் அச்சம் வேறொன்று. முன்பு இளைஞன் எளிய துண்டுகளைக் கடைந்து கடைந்தே அரியதைக் கற்றான். இன்று அவ்வெளிய துண்டுகள் அனைத்தும் பொறிக்குப் போய்விட்டன. ஏணியின் கீழ்ப்படிகளை எடுத்துவிட்டு, மேலே ஏறுபவர் கிடைக்கவில்லையே என்று முதலாளிமார் வருந்துகின்றனர். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் இளைஞரைப் பட்டறைக்குள் கொண்டுவருகின்றது. உள்ளே வந்தவனைப் பொத்தான் முன்னேயே நிறுத்திவைத்தால் சட்டம் என்ன செய்யும்?

ஆகவே நண்பரிடம், "பையனைச் சேருங்கள்; ஆனால் முதலாண்டில் கைலேத்தை விடாது பழகட்டும். பழகுநராகச் செல்லும் பட்டறையில், வரைபடத்தை இவன் கையில் கொடுப்பார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்" என்றேன். பையனிடம் கணக்கில் எத்தனை மதிப்பெண் என்று கேட்டேன். தலை குனிந்தான். "ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்குத் திண்ணைக்கு வா, தம்பி" என்று சொல்லியனுப்பினேன். இதுவரை இரண்டு ஞாயிறு வந்திருக்கின்றான்.