இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தையில் சிலர் கூட்டாகப் பணம் போட்டு 10 ஆடுகள் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பங்காளிகள் இருவரானால் ஆளுக்கு ஐந்து. ஐவரானால் ஆளுக்கு இரண்டு. மூவரோ நால்வரோ ஆனால் தகராறுதான்! 12 ஆடுகள் வாங்கியிருந்தால் இருவர், மூவர், நால்வர், அறுவர் எவராயினும் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

12-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு. இவை 12-இன் காரணிகள். 12-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையா. இப்படித் தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்ணை 'மிகு பகு எண்' என்கிறோம்.

இந்த எண்களை ஆழ்ந்து ஆராய்ந்தவர் நம் சீனிவாச இராமானுஜன். கேம்பிரிட்ஜில் இருந்தபோது, 1915-இல், இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இவற்றைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதிலுள்ள அட்டவணையில் 102 மிகு பகு எண்கள் உள்ளன. கடைசி எண் 67,46,32,83,88,800! கணிப்பொறி இல்லாத காலம் அது. ஆனால் நடுவே ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. அது இதுதான்:

2,93,31,86,25,600

அதாவது, 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இதன் காரணிகள் எத்தனை? ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. பகா எண்களாகப் பிரித்தால் போதும்.

முதலில் 12-ஐப் பார்ப்போம். 12 = 2 × 2 × 3. இதன் காரணி ஒன்றை அமைக்க, 2-ஐ எடுக்காமல் விடலாம், ஒரு முறை எடுக்கலாம், இரு முறை எடுக்கலாம்: மூன்று வழிகள். 3-க்கு இரண்டு வழிகள். 3 × 2 = 6. கணக்குச் சரிதானே?

நம் பெரிய எண்ணில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19 ஒவ்வொரு முறையும் வருகின்றன. ஆகவே காரணிகள் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040. அட்டவணையில் இதற்கு முந்தைய எண்ணான 2,40,94,02,99,600-க்கு 4,800 காரணிகள். அடுத்த எண்ணான 3,21,25,37,32,800-க்கு 5,376. இடையில் இதற்கு உரிய இடம் இருந்தது.

6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று இறங்கும் வரிசையைக் கவனித்தீர்களா? இது தற்செயலன்று. 18 = 2 × 3 × 3. இதற்கும் ஆறு காரணிகளே. 2-ம் 3-ம் வரும் தடவைகளை மாற்றிப் போட்டால் 12 கிடைக்கிறது. காரணிகள் குறையவில்லை, எண் சிறிதாகிவிட்டது. எனவே மிகு பகு எண்ணில் பெரிய பகா எண், சிறியதைவிட அதிகத் தடவை வரவே முடியாது.

இன்னொரு வியப்பு! 5,040-உம் மிகு பகு எண்ணே. அதன் காரணிகள் 60. 60-உம் அப்படியே, அதற்கு 12. 12-க்கு 6. 6-க்கு 4. எல்லாமே மிகு பகு எண்கள்!

விடுபட்ட ஓர் எண்ணால் இராமானுஜனின் பெருமை குறைந்துவிடவில்லை. அவருடைய தேற்றங்களுக்கு இதனால் குறையொன்றுமில்லை. ஆனால் அச்சில் வந்தது, அதுவும் மேதை எழுதியது, என்பதற்காக எதையும் சரிபாராமல் விடக் கூடாது என்பதை இந்த எண் நமக்குச் சொல்கிறது. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 22 வரை எல்லா எண்களும் இதை மீதியின்றி வகுக்கும், 23 வகுக்காது. சரிதானா என்று நீங்களே பாருங்கள்!