முற்றிய இஞ்சிக்குத்தான் காரம் அதிகம்!

புதுச்சேரியில் 'நெல்லித்தோப்பு' என்று ஒரு பகுதி இருக்கிறது. பேரைக் கேட்டதுமே நாக்கில் எச்சில் ஊறுகிறதா? அவசரப்படாதீர்கள்! இப்போது அங்கே போனால் வீடுகளும் கடைகளும் மார்க்கெட்டும்தான் கண்ணில் படும். தோப்பு பேரில் மட்டும்தான் இருக்கிறது.

நெல்லிக்கும் வயதானவர்களுக்கும் நம் ஊரில் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. தகடூரை ஆண்ட அதியமான், நீண்ட ஆயுள் தரும் அரிய நெல்லிக்கனியைத் தான் சாப்பிடாமல் ஒளவையாருக்குக் கொடுத்த கதை உங்களுக்குத் தெரியும். "மூத்தோர் சொல்லும் முதுநெல்லிக்காயும் முன்னே கசக்கும், பின்னே இனிக்கும்" என்று நம் பாட்டிமார்கள் பழமொழியும் சொல்வார்கள்.

நாம் நெல்லிக்காயைச் சொன்னது போல, சீனர்கள் எதைச் சொல்கிறார்கள் தெரியுமா? இஞ்சியை! "இஞ்சி என்றால் முற்றிய இஞ்சிதான் காரம்" என்பது அவர்கள் பழமொழி. அனுபவம் உள்ள பெரியவர்களின் திறமையைப் பாராட்ட இப்படிச் சொல்வார்கள்.

இது வெறும் பேச்சில்லை. இளம் இஞ்சியில் சாறு அதிகம், நார் குறைவு. முற்ற முற்ற நாரும் காரமும் கூடும். அதையே காயவைத்துச் சுக்காக்கினால் காரம் இன்னும் ஏறும். இஞ்சியில் இருக்கும் 'ஜிஞ்சரால்' என்ற பொருள், காயும்போது அதைவிடக் காரமான 'ஷோகால்' என்ற பொருளாக மாறுவதுதான் காரணம்.

சீன மொழியில் 'செங்யூ' என்று ஒரு வகை மரபுத்தொடர் உண்டு. பெரும்பாலும் நான்கே எழுத்துகள்தான் இருக்கும். ஆனால் பலவற்றுக்குப் பின்னால் ஒரு முழுக் கதை ஒளிந்திருக்கும். வயதான பிறகும் குறையாத ஊக்கத்தைச் சொல்லும் சில தொடர்களை இப்போது பார்ப்போமா? அந்தத் தொடர்களுக்குப் பொருத்தமான ஆட்கள் சீனாவில் மட்டும் இல்லை, நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள்!

குதிரை மேல் ஏறிய தாத்தா

'லாவ் தாங் யீ சுவாங்'. வயது ஏற ஏற, ஊக்கமும் ஏற வேண்டும் என்பது இதன் பொருள்.

இதைச் சொன்னவர் மா யுவான். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் வாழ்ந்தவர். இளம் வயதில் எல்லைப் பகுதியில் ஆடு மாடு வளர்த்து வந்தார். அப்போதே தன் நண்பர்களிடம் இந்தக் கருத்தை அடிக்கடி சொல்வாராம். பிற்காலத்தில் அவர் பெரிய தளபதி ஆனார்.

கி.பி. 48-ஆம் ஆண்டு. தெற்கே ஒரு கலகம் வெடித்தது. "நான் போகிறேன்" என்று முன்வந்தார் மா யுவான். அப்போது அவருக்கு வயது 62! சக்கரவர்த்தி குவாங்வு தயங்கினார். இந்த வயதில் இவருக்குப் போர் எதற்கு என்று நினைத்தார்.

மா யுவான் வாதாடவில்லை. கவசத்தை மாட்டினார். குதிரை மேல் தாவி ஏறினார். சேணத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து நாலாபக்கமும் ஒரு பார்வை பார்த்தார். சக்கரவர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடேயப்பா, என்ன துடிப்பான கிழவர்!" என்று வியந்து அனுமதி கொடுத்தார்.

பிறகு அவர் ஜெயித்தாரா? அதுதான் இல்லை. தெற்கின் கடும் வெயிலில் படையில் நோய் பரவியது. மா யுவானும் நோயில் விழுந்து, அடுத்த ஆண்டு போர்முனையிலேயே இறந்தார். ஆனாலும் சீனர்கள் அவரை மறக்கவில்லை. அவர் வெற்றி பெற்றாரா என்பதைவிட, குதிரை மேல் ஏறினார் என்பதுதான் அவர்கள் மனதில் நின்றது.

புதுச்சேரியில் குதிரைக்குப் பதில் டென்னிஸ் மட்டை! அரவிந்தர் ஆசிரமத்தின் ஸ்ரீ அன்னையின் இயற்பெயர் மிர்ரா அல்ஃபாசா. 1878-ல் பாரிஸில் பிறந்தவர். 1920 முதல் புதுச்சேரியிலேயே தங்கிவிட்டார். 1943-ல் ஆசிரமத்தில் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தபோது அவருக்கு வயது 65. நம் ஊரில் பலர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற வயது!

சிறு வயதிலேயே கற்றுக்கொண்ட டென்னிஸை அவர் விடவே இல்லை. கடற்கரையை ஒட்டிய ஆசிரம மைதானத்தில், தன் பேரப்பிள்ளைகள் வயதில் இருந்த இளைஞர்களோடு, ஏறக்குறைய 80 வயது வரை விளையாடினார்.

லாயத்தில் ஒரு கனவு

'லாவ் ஜி ஃபூ லி'. இது ஒரு குதிரையைப் பற்றியது. ஒரு காலத்தில் நாலுகால் பாய்ச்சலில் ஓடிய உயர்ஜாதிக் குதிரை. இப்போது வயதாகி லாயத்தில் படுத்திருக்கிறது. ஆனால் அதன் மனசு மட்டும் ஆயிரம் 'லி' தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதாம்!

'லி' என்பது சீனர்களின் தூர அளவு. இன்றைய கணக்கில் அரை கிலோமீட்டர். ஆயிரம் லி என்றால் 500 கி.மீ. கிட்டத்தட்ட புதுச்சேரியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற தூரம்! படைத்தலைவரும் கவிஞருமான சாவ் சாவ், ஐம்பது வயதைத் தாண்டியபின் எழுதிய ஒரு கவிதையிலிருந்து வந்தது இந்தத் தொடர். அந்தக் காலத்தில் ஐம்பது என்பதே பெரிய வயது.

இந்தக் குதிரையைப் பற்றி நினைக்கும்போது 'தமிழ்த் தாத்தா' உ.வே.சாமிநாதய்யர் ஞாபகத்துக்கு வருகிறார். 1855-ல் பிறந்தவர். ஊர் ஊராக அலைந்து, செல்லரித்துக்கொண்டிருந்த ஓலைச்சுவடிகளைத் தேடிப் பிடித்து அச்சிட்டவர். சீவக சிந்தாமணி 1887-லும், சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும் அவர் பதிப்பாக வெளிவந்தன. ஒரு மனிதருக்கு இவ்வளவு போதாதா?

அவருக்குப் போதவில்லை. 1940 ஜனவரியில், 85-வது பிறந்தநாளுக்குச் சில வாரங்களே இருந்தபோது, 'ஆனந்த விகடன்' இதழில் தன் வாழ்க்கை வரலாற்றை வாராவாரம் எழுத ஆரம்பித்தார். அதுதான் 'என் சரித்திரம்'. வாரம் தவறாமல் ஒரு கட்டுரை வீட்டுப்பாடம் எழுத வேண்டும் என்றால் நாம் என்ன சொல்வோம்? "ஐயோ சாமி!" என்போம். அவர் 120 அத்தியாயங்களுக்கு மேல் எழுதினார்.

1942 ஏப்ரலில் அவர் காலமானபோது கதை பாதியில் நின்றது. ஆனால் அப்படியே நின்றுபோய்விடவில்லை. அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன், தன் ஆசிரியரின் மீதி வாழ்க்கையையும் எழுதி முடித்தார். தாத்தா விட்ட இடத்தில் மாணவர் பிடித்துக்கொண்டார்!

ஐந்தில் வளையாதது...

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் பழமொழி. சின்ன வயதிலேயே படித்துக்கொள் என்று உங்களைத் துரத்துவதற்காகப் பெரியவர்கள் சொல்வது. நல்ல அறிவுரைதான். ஆனால் அதையே பெரியவர்களைப் பார்த்து, 'இனிமேல் உங்களால் முடியாது' என்ற அர்த்தத்தில் சொன்னால்?

சீனர்கள் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். 'ஹுவோ தாவ் லாவ், ஷுவே தாவ் லாவ்'. முதுமை வரை வாழ். முதுமை வரை படி!

கேரளாவின் ஆலப்புழை மாவட்டத்தில் கார்த்தியாயினி அம்மா என்று ஒரு பாட்டி இருந்தார். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர். கோயில்களைப் பெருக்கித் துடைத்துப் பிழைத்தவர். 2018-ல், 96 வயதில், கேரள அரசின் எழுத்தறிவுத் தேர்வை எழுதினார். மதிப்பெண் எவ்வளவு தெரியுமா? 100-க்கு 98! அந்தத் தேர்வு எழுதிய ஆயிரக்கணக்கானவர்களில் அவர்தான் முதலிடம்.

அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களில் அவருடைய கொள்ளுப் பேத்திகளும் உண்டு. உங்கள் வயதுப் பிள்ளைகள்தான்! தேர்வில் ஜெயித்ததும் பாட்டி ஓய்வெடுத்தாரா? "அடுத்து கம்ப்யூட்டர் கற்க வேண்டும்" என்றார். அவருக்கு லேப்டாப்பே பரிசாக வந்தது. 2020-ல் குடியரசுத் தலைவரிடமிருந்து 'நாரி சக்தி' விருதும் பெற்றார். 2023-ல் 101 வயதில் காலமானார்.

மலையை நகர்த்திய முட்டாள் தாத்தா

கடைசியாக ஒரு பெரிய கதை. 'யூ கோங் யீ ஷான்'. 'முட்டாள் கிழவர் மலையை நகர்த்தினார்' என்று பொருள். 'லியேஸி' என்ற பழைய நூலில் வருகிறது.

ஒரு தாத்தா. வயது தொண்ணூறை நெருங்குகிறது. அவர் வீட்டுக்கு எதிரே தாய்ஹாங், வாங்வு என்று இரண்டு பெரிய மலைகள். எங்கே போவதென்றாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். "மலைகளை வெட்டி எடுத்துவிடுவோம்" என்று முடிவு செய்தார். மகனையும் பேரனையும் சேர்த்துக்கொண்டார். கல்லை உடைத்து, மண்ணைத் தோண்டி, கூடையில் சுமந்து கடலில் கொட்டினார்கள். கடல் வெகு தூரம். ஒரு தடவை போய்வருவதற்குள் குளிர்காலம் போய் வெயில்காலம் வந்துவிடும்!

பக்கத்து வீட்டில் ஒரு சிறுவன். அப்போதுதான் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற வயது. அவனும் துள்ளிக் குதித்து உதவிக்கு ஓடிவந்தான்.

ஊரில் 'புத்திசாலி' என்று பேரெடுத்த இன்னொரு கிழவர் வந்து சிரித்தார். "இந்த வயசுல உனக்கு இது எதுக்கு? ஒரு புல்லைப் பிடுங்கக்கூட உன் உடம்பில் தெம்பில்லையே!" முட்டாள் தாத்தா அமைதியாகச் சொன்னார்: "நான் போனால் என் மகன் இருக்கிறான். அவனுக்குப் பிறகு பேரன். அவனுக்குப் பிறகு அவன் பிள்ளைகள். ஆனால் இந்த மலை இனிமேல் வளரப்போவதில்லையே!" புத்திசாலிக்குப் பேச்சு வரவில்லை. தாத்தாவின் உறுதியைப் பார்த்து மனம் இளகிய கடவுள், ஆள் அனுப்பி மலைகளைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கச் செய்தார் என்று கதை முடிகிறது.

இப்போது மறுபடியும் நம் ஸ்ரீ அன்னையிடம் வருவோம். 1968 பிப்ரவரி 28. அவருக்கு 90 வயது முடிந்து சரியாக ஒரு வாரம். அன்று புதுச்சேரிக்கு வடக்கே ஒரு புது நகரத்துக்குத் தொடக்க விழா நடந்தது. அதுதான் ஆரோவில்! எல்லா நாட்டு மக்களும் சேர்ந்து வாழ, 50,000 பேருக்கு ஒரு நகரம் என்பது திட்டம். 124 நாடுகளிலிருந்தும் இந்திய மாநிலங்களிலிருந்தும் கைப்பிடி மண் கொண்டுவந்து, தாமரை மொட்டு வடிவத் தாழியில் போட்டார்கள். அன்னையால் விழாவுக்குப் போக முடியவில்லை. தன் அறையில் இருந்தபடியே பேசினார். அந்தக் குரலை அகில இந்திய வானொலி ஒலிபரப்பியது.

அப்போது அந்த இடம் எப்படி இருந்தது? மழை வந்தால் மண் அரித்துக்கொண்டு ஓடும் செம்மண் பொட்டல். 90 வயதில் விதைத்தால் நிழலில் தான் உட்காரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியாதா? 1973-ல் அவர் காலமானார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் சுற்றுக் கிராமத்து மக்களும் வரப்பு போட்டு மழைநீரைத் தேக்கி, லட்சக்கணக்கில் மரம் நட்டார்கள். பொட்டல் காடானது. 1971-ல் அடிக்கல் நாட்டிய மாத்ரி மந்திர், 2008-ல்தான் முழுமை பெற்றது. 50,000 பேர் இன்னும் வரவில்லை. சில ஆயிரம் பேர்தான் வாழ்கிறார்கள். மலை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது!

உங்கள் வேலை என்ன?

கவனித்தீர்களா குட்டீஸ்? மா யுவான் குதிரை ஏறியதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பெரியவர் பக்கத்தில் ஒரு இளம் கை இருக்கிறது. டென்னிஸ் ஆட இளைஞர்கள். விட்டதை எழுதி முடிக்க ஒரு மாணவர். 'அ, ஆ' சொல்லித்தரக் கொள்ளுப் பேத்திகள். மண் சுமக்கப் பால்பல் விழுந்த ஒரு சிறுவன்.

எல்லாத் தாத்தா பாட்டிகளும் ஓடியாட வேண்டும் என்பதில்லை. சிலருக்கு முழங்கால் வலிக்கும். சிலருக்குக் கண் சரியாகத் தெரியாது. லாயத்தில் படுத்திருந்த குதிரையும் ஓடவில்லையே! ஆனால் மனசுக்குள் ஏதாவது ஒரு ஆசை ஓடிக்கொண்டிருக்கலாம். கையெழுத்துப் போடக் கற்க வேண்டும், செல்போனில் தானே பேரனுக்குப் போன் போட வேண்டும், தொட்டியில் ஒரு நெல்லிக் கன்று வைக்க வேண்டும்...

நாம்தான் சட்டென்று சொல்லிவிடுகிறோம், "இந்த வயசுல உங்களுக்கு இது எதுக்கு?" என்று. கதையில் அந்தப் 'புத்திசாலி'க் கிழவர் கேட்ட அதே கேள்வி!

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுத் தாத்தாவிடமோ, பக்கத்து வீட்டுப் பாட்டியிடமோ போய், "உங்களுக்கு என்ன கத்துக்கணும்னு ஆசை?" என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதும், "நானும் கூட வரட்டுமா?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். கூடையின் ஒரு பக்கத்தை நீங்கள் பிடியுங்கள், சரியா?