காகிதத்தில் எழுதப்படும் குழந்தை

ஓசூர்ச் சீமையில் பாஷைகளுக்குப் பஞ்சமில்லை. வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ், பெங்களூர் பஸ்ஸில் கன்னடம் என்று பேசும் குடும்பங்கள் பாகலூரிலும் தளியிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டைகள் ஏற்பட்ட பின்னர் வடநாட்டுத் தொழிலாளர்கள் ஹிந்தியையும் ஒடியாவையும் கொணர்ந்து சேர்த்திருக்கிறார்கள். இத்தகைய ஊரில் எட்டு வயதுப் பிள்ளையொன்று தமிழ்ப் பாடத்தைக் கூட்டி வாசிக்கத் தடுமாறுமானால், காரணம் யாது? பாஷை புதிதென்பதா? காது மந்தமா? எழுத்தைப் பிடிப்பதில் மட்டும் ஒரு தனிக் குறையா? அன்றி, புத்தி வளர்ச்சியிலேயே தாமதமா? நான்கும் வெவ்வேறு; நான்கிற்கும் வேண்டிய உதவியும் வெவ்வேறு. ஆனால் சர்க்கார் காகிதத்தில் ஏறுவது ஒரு வார்த்தையே. அவ்வார்த்தை தவறாக விழுந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றியே இன்று நேயர்களுடன் பேச விரும்புகிறோம்.

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தஸ்தாவேஜைக் கண்டாலும், எழுதியவர் யார், எதைப் பார்த்து எழுதினார், எதிர்க்கட்சியைக் கேட்டாரா என்று வினவுவோம். அரை சென்ட் கொல்லைக்காக மூன்று கோர்ட்டுப் படியேறும் நம்மவர்கள், பெற்ற பிள்ளையைப் பற்றி எழுதப்பட்ட காகிதத்தை மட்டும் பிரம்ம லிபியென்று வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்! சட்டம் அவ்வாறு கருதவில்லை.

1995 ஆம் வருஷத்துச் சட்டம் ஏழு வகை ஊனங்களையே அறிந்திருந்தது. 2016 ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளைச் சொல்லுகிறது. யுக்தியில் குறைவின்றி, எழுத்திலும் கணக்கிலும் மட்டும் இடறுகிற பிள்ளைக்குப் பழைய சட்டத்தில் இடமே இல்லை. புதிய சட்டம் அதனைக் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்று தனியே பெயரிட்டு விளக்கியது. அதைக் காலத்தே கண்டறிவது பள்ளிக்கூடத்தின் கடமை என்கிறது 16 ஆம் பிரிவு. பரீட்சையில் அதிக நேரம், எழுதித் தர ஆள், இரண்டாம் மூன்றாம் பாஷைகளிலிருந்து விலக்கு ஆகியவற்றை 17 ஆம் பிரிவு பேசுகிறது. குறைபாடு நாற்பது சதவிகிதத்துக்குக் குறையாத பிள்ளை, ஆறு முதல் பதினெட்டு வயது வரை, அண்டைப் பள்ளியிலோ விசேஷப் பள்ளியிலோ தன் விருப்பப்படி இலவசமாகப் படிக்கலாம் என்கிறது 31 ஆம் பிரிவு. ஆகவே சான்றிதழைச் சிலர் வெறுப்பது போல் நாம் வெறுக்கவில்லை. அது கதவைத் திறக்கும் சாவி. தவறான சாவியைக் கொடுத்து, கதவு திறக்கவில்லையே என்று குழந்தையை வைவதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

பிற தேசங்கள் இதை அனுபவித்தே அறிந்தன. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் ஸ்பானிஷ் பேசும் ஒன்பது குழந்தைகளை இங்கிலீஷில் சோதித்து, மந்தபுத்தியினர் வகுப்பில் உட்கார வைத்தார்கள். தாய்மொழியில் மறுபடி சோதித்தபோது அவர்களில் பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவரல்லரென்று தெரிந்தது. டயானா என்ற பெயரால் வழங்கும் அவ்வழக்கு 1970 இல் சமரசமாக முடிந்து, வீட்டுப் பாஷையிலும் சோதிக்க வேண்டுமென்ற ஏற்பாட்டைத் தந்தது. மறுவருஷம் லண்டனில் பெர்னார்ட் கோர்ட் என்ற உபாத்தியாயர், மேற்கிந்தியக் குழந்தைகளைப் பள்ளிகள் எவ்வாறு மந்தராக ஆக்குகின்றன என்று ஒரு சிறு புத்தகமே எழுதினார். 1978 இல் வார்னாக் கமிட்டி, குழந்தையின் குறையை வகைப்படுத்துவதை விட்டு, அதன் கல்வித் தேவையைச் சொல்லுங்கள் என்றது. 1981 ஆம் வருஷத்துச் சட்டம் அவ்வழியே சென்றது.

குறையைச் சொல்வதும் தேவையைச் சொல்வதும் ஒன்றல்ல. ‘நாற்பது சதவிகிதம்’ என்ற வாசகத்தைப் படித்து எந்த உபாத்தியாயரும் மறுநாட்காலை என்ன கற்பிப்பது என்று தெரிந்துகொள்ள முடியாது.

தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கிய 2006 ஆம் வருஷத்துச் சட்டத்தின் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. தமிழ்நாட்டில் வளரும் பிள்ளை தமிழ் கற்கவே வேண்டும். எனினும் கற்பிப்பது வேறு, புத்தியை அளப்பது வேறு. தெலுங்கு வீட்டுப் பிள்ளையைத் தமிழில் மட்டும் சோதித்தால் அளக்கப்படுவது அதன் தமிழே. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிலையம் ஓசூரிலிருந்து வெகு தூரமன்று. அந்நிலையம் வகுத்த சோதனை முறையையே 2018 ஆம் வருஷத்து மத்திய சர்க்கார் விதிகள் கற்றல் குறைபாட்டுக்கு ஏற்றன. அவ்விதிகள் எட்டு வயதில் சோதித்துப் பதினான்கிலும் பதினெட்டிலும் மறுபடி சோதிக்கச் சொல்லின. முதற் காகிதமே முடிந்த முடிவென்று சர்க்காரே எண்ணவில்லை!

ஜூஜூவாடியில் வாங்கிய சான்றிதழ் எல்லை தாண்டி அத்திப்பள்ளியிலும் செல்லும். 58 ஆம் பிரிவு அதைத் தேசம் முழுமைக்கும் செல்லத்தக்கதாக்கியிருக்கிறது. பிழையும் கூடவே செல்லும் என்பதை மறக்கலாகாது. 59 ஆம் பிரிவு அப்பீல் உரிமை தருகிறது. 2017 ஆம் வருஷத்து விதிகளின்படி தவணை 90 நாட்கள்.

சாலைக்கும் குடிநீருக்கும் மகஜர் தயாரிக்கும் ஊழியர்கள் நமது ஜில்லாவில் ஏராளம். ஒரு நாட்கூலியை இழந்து கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையுடன் போகும் தாய்க்கு அவர்களில் ஒருவர் துணை செல்லட்டும். எந்தப் பாஷையில் சோதித்தீர்கள், காதையும் கண்ணையும் முதலில் பார்த்தீர்களா, சோதனைக் குறிப்பின் நகல் கிடைக்குமா என்று மரியாதையாகக் கேட்கட்டும். பதிலை எழுதி வாங்கிக்கொண்டு, சான்றிதழின் தேதியையும் குறித்துக்கொள்ளட்டும். தொண்ணூறு நாட்கள் அத்தேதியிலிருந்தே ஓடத் தொடங்குகின்றன.