பில்ட் உடைந்த சேதி: அன்றும் இன்றும்

1990-களின் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டில் விண்டோஸ் என்டி உருவாகிக்கொண்டிருந்தது. சுமார் 56 லட்சம் வரி நிரல், 40,000 கோப்புகள். முழு பில்ட் எடுக்க, அதாவது எல்லா நிரலையும் தொகுத்து ஓடும் மென்பொருளாக்க, பல கணினிகள் சேர்ந்து 19 மணி நேரம் வரை உழைத்தன. அப்படியும் தினமும் பில்ட் எடுத்தார்கள். காலையில் ஒருவர் சேர்த்த பிழை வெளிப்பட மறுநாளாகிவிடும். அதற்குள் அதன்மேல் இன்னும் பலருடைய மாற்றங்கள் ஏறியிருக்கும். உடைத்தது யாருடைய மாற்றம் என்று தேடுவதே தனி வேலை.

திட்டத்தின் கடைசிக் கட்டத்தில் நிரலாளர்கள் பேஜருடன் திரிந்தார்கள். பில்ட் உடைந்தால் விடியற்காலை மூன்று மணிக்கும் அழைப்பு வரும். உடைத்தவர் தலையில் ஆட்டுக் கொம்பு மாட்டிவிட்ட குழுக்களும், ஐந்து டாலர் தண்டம் வசூலித்த குழுக்களும் உண்டு என்று மென்பொருள் எழுத்தாளர் ஸ்டீவ் மெக்கனெல் 1996-இல் எழுதினார். சேதி தாமதமாக, ஊரறிய வந்த காலம் அது. ஒருவர் பிழைக்காக எல்லாருடைய வேலையும் நின்றதால் கோபமும் பெரிதாக இருந்தது.

1998-இல் மொஸில்லாவின் டிண்டர்பாக்ஸ் என்ற கருவி அந்தச் சேதியைத் திரைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பத்தி. பில்ட் நன்றாக முடிந்தால் பச்சை, உடைந்தால் சிவப்பு. அந்த நேரத்தில் நிரல் சேர்த்தவர்களின் பெயர்கள் பக்கத்திலேயே தெரியும். சிவப்பு விழுந்தால் ‘ஷெரிஃப்’ பொறுப்பிலிருப்பவர் புதிய மாற்றங்களை நிறுத்திவைப்பார். 2001-இல் வந்த குரூஸ்கன்ட்ரோல் என்ற கருவி, கடைசி நல்ல பில்டுக்குப் பிறகு நிரல் சேர்த்தவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. ஆனாலும் சேதி வரும்போது பொது நிரல் ஏற்கெனவே உடைந்திருக்கும்.

இன்று அந்த வரிசை தலைகீழாகிவிட்டது: மாற்றம் பொது நிரலில் சேருமுன்பே சேதி வருகிறது. மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் புல் ரிக்வெஸ்ட் அனுப்பியதும் அது தனியே பில்ட் ஆகிறது, டெஸ்டுகள் ஓடுகின்றன. உடைந்தால் சிவப்புப் பெருக்கல் குறி விழும். அதைச் சொடுக்கினால் எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று பதிவு காட்டும். மாற்றத்தைப் பொது நிரலில் இணைக்கும் மெர்ஜ் பொத்தானையும் பூட்டிவைக்கலாம். லினக்ஸ் கெர்னலில் இன்டெல் நடத்தும் டெஸ்ட் ரோபோ, அஞ்சல் பட்டியலுக்கு வரும் பேட்ச்களையே எடுத்துப் பலவகை ப்ராசஸர்களுக்குத் தொகுத்துப் பார்க்கிறது. பிழை இருந்தால் அதை மறுபடி வரவழைக்கத் தேவையான கான்ஃபிக் கோப்போடு எழுதியவருக்கே மடல் போடுகிறது. எழுதியதெல்லாம் மனத்தில் பசுமையாக இருக்கும்போதே திருத்திவிடலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரும் பயமில்லாமல் நிரலில் கைவைக்க முடிவது இதனால்தான். ஆட்டுக் கொம்பால் இந்தத் துணிச்சலைக் கொடுத்திருக்க முடியாது.

ஆனால் பேஜர் காலத்தில் இருந்த ஒன்று இன்று குறைந்துவருகிறது: சேதிக்கு இருந்த மரியாதை. ஒரே நிரலுக்கு ஒருமுறை பச்சையும் மறுமுறை சிவப்பும் காட்டும் நிலையற்ற டெஸ்டுகள் பல குழுக்களில் இருக்கின்றன. இரண்டு முறை பொய் சொன்ன சிவப்பை மூன்றாம் முறை யாரும் படிப்பதில்லை. பதிவைத் திறக்காமலே ‘ரீரன்’ அழுத்துகிறார்கள். உண்மையான பிழை அந்த வழியாகத்தான் நுழைகிறது. ஆகவே நிலையற்ற டெஸ்டையும் உடைந்த பில்டாகவே நடத்த வேண்டும்: அன்றே ஒருவர் பொறுப்பேற்றுச் சரிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் அதை விலக்கிவைக்க வேண்டும். சிவப்பு விழுந்தால் அது உண்மைதான் என்று குழு நம்பும்வரைதான் எந்த அறிவிப்புக்கும் பயன் உண்டு.